பெரிய வியாழன் இரவு: ஏழு கோயில் கணக்கு வேண்டாம், ஒரு மணி நேரம் உட்காருங்க!

புனித வெள்ளின்னா எல்லாருக்கும் தெரியும். காலண்டர்ல சிவப்பு எழுத்து, ஆபீஸ் லீவு, மூணு நாள் லாங் வீக்எண்ட். ஆனா, அதுக்கு முந்தின நாள் ராத்திரி உங்க ஏரியா மாதா கோயில் பக்கம் போயிருக்கீங்களா? பதினோரு மணிக்கும் கதவு திறந்திருக்கும். உள்ளே நூறு பேர் இருப்பாங்க, ஒரு சத்தமும் இருக்காது. மணி அடிக்காது, மைக் இருக்காது. ஒரு ஓரத்துல மட்டும் பூவும் மெழுகுவத்தியுமா ஒரு பீடம் ஜொலிச்சிட்டு இருக்கும்.

அதுதான் பெரிய வியாழன் இரவு. புனித வியாழன்னும் சொல்வாங்க. 2026-ல் ஏப்ரல் 2, 2027-ல் மார்ச் 25, 2028-ல் ஏப்ரல் 13. வருஷா வருஷம் தேதி மாறுறதுக்குக் காரணம் நிலா. மார்ச் 21-ஆம் தேதியை வசந்தத்தின் தொடக்கமா வெச்சு, அன்னைக்கோ அதுக்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதிலிருந்து மூணு நாள் பின்னால எண்ணினா இந்த வியாழன்.

கிறிஸ்தவ நண்பர் யாராவது ‘இன்னைக்கு நைட் கோயிலுக்கு வர்றியா?’ன்னு கூப்பிட்டிருந்தாலும் சரி, சின்ன வயசுல போனதுக்கு அப்புறம் பல வருஷமா போகாத கிறிஸ்தவரா நீங்களே இருந்தாலும் சரி, அந்த ராத்திரியில என்ன நடக்குது, எங்கே போகலாம், எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லது.

கால் கழுவும் சாயங்காலம்

இயேசு சிலுவையில் அறையப்படுறதுக்கு முந்தின இரவு, சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டின் நினைவுதான் இந்த நாள். அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து ‘இது என் உடல், என் இரத்தம்’ என்ற பொருளில் பகிர்ந்து கொடுத்ததை மத்தேயு, மாற்கு, லூக்கா மூணு நற்செய்திகளும் சொல்லுது. யோவான் மட்டும் அதை விட்டுட்டு வேற ஒண்ணைச் சொல்றார். சாப்பாட்டுக்கு நடுவுல இயேசு எழுந்து, இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு, சீடர்களோட காலைக் கழுவினார் என்கிறார். அந்தக் காலத்துல அது வீட்டு வேலைக்காரங்க செய்யுற வேலை. பேதுரு ‘நீங்க என் காலைத் தொடுறதா?’ன்னு பதறிப்போயிடுறார். ஒருத்தரை ஒருத்தர் நேசிக்கணும்னு கட்டளை கொடுத்ததும் அதே சாப்பாட்டுலதான். கட்டளைக்கு லத்தீன்ல ‘மாண்டாத்தும்’. ஆங்கிலேயர்கள் இந்த நாளை ‘மாண்டி தர்ஸ்டே’ன்னு சொல்றது அதுலேர்ந்து வந்ததுதான்.

கத்தோலிக்கக் கோயில்கள்ல சாயங்காலம் ஆறு, ஏழு மணி வாக்கில் ‘ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி’ தொடங்கும். பிரசங்கம் முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னால பன்னிரண்டு நாற்காலி போடுவாங்க. பங்கைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் உட்காருவாங்க. பங்குத்தந்தை மேல் உடுப்பைக் கழட்டி வெச்சுட்டு, மண்டி போட்டு, ஒவ்வொருத்தர் காலா தண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சு, முத்தமிடுவார். (அந்தப் பன்னிரண்டு பேரும் முந்தின நாளே நகம் வெட்டி, காலைத் தேய்ச்சுக் கழுவி, பளபளன்னு வந்திருப்பாங்க என்பது வேற விஷயம். ஃபாதர் முத்தம் கொடுக்கப்போற காலாச்சே!)

ரொம்ப காலமா இந்த நாற்காலிகள்ல ஆண்களுக்கு மட்டும்தான் இடம். 2013-ல் போப் பிரான்சிஸ் பதவியேற்ற சில வாரத்துலேயே, ரோமில் இருக்கும் ஒரு சிறார் சிறைக்குப் போய் அங்கே இருந்த பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார். அதுல ரெண்டு பேர் பெண்கள். இஸ்லாமிய இளைஞர்களும் இருந்தாங்க. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. 2016 ஜனவரியில் விதியே மாறிடுச்சு. பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம்னு அதிகாரபூர்வமா வந்தது. நம்ம ஊர்லயும் சில பங்குகள்ல இப்போ தூய்மைப் பணியாளர், செவிலியர், பாட்டிமார்கள்னு உட்காருறதைப் பார்க்கலாம். எல்லா ஊர்லயும் இன்னும் வரலை.

அன்னைக்குக் கவனிக்க வேண்டிய இன்னொண்ணு மணி. ‘உன்னதங்களிலே’ பாட்டு வரும்போது கோயில் மணி, பீடத்து மணி எல்லாத்தையும் சேர்த்து அடிப்பாங்க. அதோட சரி. அதுக்கப்புறம் சனிக்கிழமை இரவு ஈஸ்டர் திருவிழிப்பு வரைக்கும் மணி ஊமை. மணி அடிக்க வேண்டிய இடத்துல மரக்கட்டையைத் தட்டுவாங்க. ‘டொக், டொக்’னு வரும் அந்தச் சத்தத்தைச் சின்ன வயசுல ஒரு தடவை கேட்டவங்க மறக்க மாட்டாங்க.

திருப்பலி முடிவுல வழக்கமான ஆசீர்வாதம் கிடையாது. வெள்ளிக்கிழமை திருப்பலியே இல்லைங்கிறதால, அன்னைக்குத் தேவையான நற்கருணையையும் சேர்த்து இன்னைக்கே தயார் பண்ணி, தூபம் போட்டு, பவனியா எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல அலங்கரிச்ச ஒரு தனிப் பீடத்துல வைப்பாங்க. தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டுல எழுதின லத்தீன் பாட்டு ஒண்ணை அப்போ தமிழ்ல பாடுவாங்க. அந்தப் பக்கம் பவனி போய்ச் சேர்ந்ததும், இந்தப் பக்கம் பெரிய பீடத்தின் விரிப்பு, மெழுகுவத்தி எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. வெறும் கல்லு மட்டும் மிஞ்சும். அதைப் பார்க்காம கிளம்பிடாதீங்க. சாவு வீட்டுல சாமானெல்லாம் ஒதுக்கி வெச்ச கூடம் மாதிரி இருக்கும்.

விழித்திருக்கும் நேரம்

சாப்பாடு முடிஞ்சு இயேசு கெத்சமனி தோட்டத்துக்குப் போனார். நடக்கப்போறது தெரிஞ்சு கலங்கினார். கூட வந்த மூணு நண்பர்கள்கிட்ட கொஞ்ச நேரம் முழிச்சிருங்கன்னு கேட்டார். அவங்க தூங்கிட்டாங்க. ஒரு மணி நேரம்கூட என்னோட முழிச்சிருக்க முடியலையான்னு அவர் வருத்தப்பட்டதா நற்செய்தி சொல்லுது.

அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்குறதுதான் இந்த இரவு. நள்ளிரவு வரைக்கும் அந்தத் தனிப் பீடத்துக்கு முன்னால ஆராதனை நடக்கும். சில கோயில்கள்ல விடிய விடிய இருப்பாங்க. அன்பியம் அன்பியமா மணிக்கணக்கு பிரிச்சுக் கொடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பாங்க. இந்தத் தெரு ஒன்பதிலிருந்து பத்து, அந்தத் தெரு பத்திலிருந்து பதினொண்ணுன்னு. இளையோர் குழுவுக்குப் பெரும்பாலும் கடைசி ஷிஃப்ட்தான். அவங்கதான் தூங்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை!

இதோட சேர்ந்து வந்ததுதான் ‘ஏழு கோயில்’ வழக்கம். 16-ஆம் நூற்றாண்டுல பிலிப் நேரி என்ற குருவானவர் ரோமின் ஏழு பெரிய ஆலயங்களுக்கு மக்களைக் கூட்டிக்கிட்டு நடந்தே போனார். அந்தத் திருப்பயணம் பிரபலமாச்சு. அதன் சாயல்ல பெரிய வியாழன் இரவு ஏழு கோயில் பீடங்களைச் சந்திக்கிற பழக்கம் பல நாட்டுக்குப் பரவுச்சு. பிலிப்பைன்ஸ்ல குடும்பம் குடும்பமா ரோட்டுல இறங்கிடுவாங்க. நம்ம நகரங்கள்லயும் பைக், ஆட்டோ, வேன்னு கிளம்புறவங்க இருக்காங்க.

நானும் கிளம்பினேன். கல்லூரி முடிச்ச புதுசு. நாலு பைக், எட்டு பேர். எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள்ள ஏழு முடிக்கணும்னு பிளான். ஒரு கோயிலுக்கு இருபது நிமிஷம், அதுல பார்க்கிங் தேட பத்து நிமிஷம். உள்ளே போய், ஒரு கும்பிடு, ஒரு போட்டோ, ‘அடுத்து?’. அஞ்சாவது ஒரு சின்னப் பங்குக் கோயில். கிளம்பலாம்னு கூப்பிட்டப்போ எங்க கூட வந்த தோழி எழுந்திருக்கலை. “நான் இங்கேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க”ன்னா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் அவ அம்மா இறந்திருந்தாங்க. எங்க எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சும், அவளை உட்கார விடாம நாலு கோயில் இழுத்துட்டுப் போயிருக்கோம்!

நாங்க ஏழை முடிச்சுட்டு வந்து பார்த்தப்போ அதே பெஞ்சுல இருந்தா. பக்கத்துல முன்பின் தெரியாத ஒரு பாட்டி ஜெபமாலையோட உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலையாம். அந்த ராத்திரி எதுக்கு இருக்குன்னு எங்க எட்டு பேர்ல அவளுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது.

அதனால என் கட்சி இதுதான்: ரெண்டு, மிஞ்சினா மூணு கோயில். அதுல ஏதாவது ஒண்ணுல ஒரு முழு மணி நேரம். ஏழுங்கிறது யாரும் போட்ட சட்டம் இல்லை. குறைச்சா குத்தமும் இல்லை.

எங்கே போகலாம்?

சென்னையில நடந்தே போறதுக்கு மயிலாப்பூர்தான் வசதி. பறக்கும் ரயில்ல திருமயிலை ஸ்டேஷன்ல இறங்குங்க. முதல்ல லஸ் சர்ச். அந்தக் காலத்துல காட்டுக்கு நடுவுல இருந்ததால பழைய ஆளுங்களுக்கு அது ‘காட்டுக் கோயில்’. ஆலயத்தின் பேரு பிரகாச மாதா. கடல்ல வழி தவறின போர்ச்சுக்கீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் வழிகாட்டுச்சு, அது மறைஞ்ச இடத்துல இந்தக் கோயிலைக் கட்டினாங்கன்னு கதை. கட்டின வருஷமா 1516-ஐச் சொல்வாங்க. சென்னையின் மிகப் பழைய கோயில்கள்ல ஒண்ணு. சின்னதா, அடக்கமா இருக்கும். ஒரு மணி நேரம் உட்காரணும்னா என் ஓட்டு இதுக்குத்தான்.

அங்கிருந்து கச்சேரி ரோடு வழியா கடலைப் பார்த்து நடந்தா, சாந்தோம் ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர். போற வழியில கொஞ்சம் விலகினா செபமாலை மாதா கோயில். சாந்தோம் பேராலயத்தைப் பத்தி அறிமுகம் தேவையில்லை. இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை மேல எழுந்த கோயில். இப்போ நாம பார்க்கிற வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-ல் அர்ச்சிக்கப்பட்டது. இயேசு காலைக் கழுவின அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தரோட கல்லறைக்குப் பக்கத்துல அந்த இரவுல நிக்கிறோம்னு நினைச்சுப் பாருங்க! ஆனா கூட்டம் அதிகம். திருப்பலிக்கு உட்கார இடம் வேணும்னா முக்கால் மணி நேரம் முன்னாடியே போயிடணும். ஒன்பதரைக்கு மேல போனா ஓரளவு அமைதி.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலும் அன்னைக்கு நிரம்பி வழியும். கடற்கரையும் பக்கம்ங்கிறதால பார்க்கிங் பெரிய தலைவலி. சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு. ஆனா பரங்கிமலையை வெள்ளிக்கிழமைக்கு வெச்சுக்கோங்க. படிக்கட்டு நெடுக சிலுவைப்பாதை நிலைகள் இருக்கு, காலை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏறிடலாம்.

லாங் வீக்எண்டுக்குப் புதுச்சேரி பிளானா? வியாழன் சாயங்காலமே போய்ச் சேருங்க. பெரும்பாலானவங்க வெள்ளிக்கிழமைதான் வந்து இறங்குவாங்க. முந்தின ராத்திரி ஊர் அமைதியா இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருதய ஆண்டவர் பசிலிக்கா, அங்கிருந்து தூமா வீதியில 1855-ல் கட்டின கப்ஸ் கோயில், அப்புறம் மிஷன் வீதியில சம்பா கோயில். மூணும் நடக்கிற தூரம். மூணுக்கும் மூணு விதமான முகம். பசிலிக்காவுல வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் பேர்போனது, ஆனா ராத்திரியில அது தெரியாது. அதுக்கு மறுநாள் பகல்ல இன்னொரு தடவை போகணும்.

திருச்சிக்காரங்களுக்குத் தெப்பக்குளம் லூர்து அன்னை கோயிலும் பாலக்கரை சகாய மாதா பசிலிக்காவும் ஒரே இரவுல முடியும். தூத்துக்குடியில பனிமய மாதா. வேளாங்கண்ணி போறவங்க தங்குறதுக்கு முன்னாடியே புக் பண்ணாம கிளம்பாதீங்க. புனித வாரத்துல கடைசி நேரத்துல ரூம் கிடைக்கிறது கஷ்டம்.

ரயில் முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. அதனால பிப்ரவரி மாசத்தை காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க (2027-ல் ஜனவரி கடைசி). வியாழன் லீவு இல்லை என்பதையும் மறந்துடாதீங்க. சொந்த ஊர் கோயிலுக்குத் திருப்பலி நேரத்துக்குப் போய்ச் சேரணும்னா அரை நாள் லீவாவது போடணும்.

உள்ளே எப்படி நடந்துக்கணும்?

முதல்ல போன். சைலன்ட் போதாது, பாக்கெட்டுக்குள்ள போகணும். இருட்டுல உங்க ஸ்க்ரீன் வெளிச்சம் பத்து பெஞ்சு தாண்டித் தெரியும். அலங்காரத்தைப் போட்டோ எடுக்கணும்னு ஆசையா இருந்தா, திருப்பலி முடிஞ்சு பவனி தொடங்குறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கிற தன்னார்வலர்கள்கிட்ட கேளுங்க. ஆராதனை நேரத்துல கண்டிப்பா வேண்டாம். அழுதுட்டு இருக்கிறவங்க முகம் உங்க ஸ்டோரியில வரக் கூடாது.

உடை சாதாரணமா, தோளும் முட்டியும் மறையுற மாதிரி இருந்தா போதும். செருப்பைப் பொறுத்தவரை நகரத்துல பல கோயில்ல போட்டுக்கிட்டே போறாங்க, கிராமத்துல வாசல்லயே விடணும். மத்தவங்களைப் பார்த்துச் செய்யுங்க. கழட்டினா ஒரு துணிப்பையில போட்டுக் கையோட வெச்சுக்கோங்க, ராத்திரி பத்து மணிக்குக் குவியல்ல தேடி எடுக்குறது சாமானியம் இல்லை. கிராமக் கோயில்கள்ல ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில உட்காருவாங்க.

திருப்பலியில நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில போவாங்க. அது ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை வாங்கின கத்தோலிக்கர்களுக்கு மட்டும். பிரசாதம்னு நினைச்சுக் கை நீட்டிடாதீங்க. இடத்துலயே உட்கார்ந்திருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மத்தவங்க மண்டி போடும்போது நீங்களும் போடணும்னு கட்டாயம் இல்லை, அமைதியா நின்னா போதும்.

யாருக்கும் ‘ஹேப்பி’ போட்டு மெசேஜ் அனுப்பாதீங்க. வியாழனுக்கும் வேண்டாம், வெள்ளிக்கும் வேண்டாம். வாழ்த்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. நண்பருக்கு ஏதாவது சொல்லணும்னா, ‘உன்கூட வரட்டுமா?’ன்னு கேளுங்க.

ராத்திரிப் பயணம்ங்கிறதால ஒரு வார்த்தை. மெட்ரோ பொதுவா பதினொரு மணி வாக்கில் நின்னுடும், பறக்கும் ரயிலுக்கும் கடைசி வண்டி நேரத்தைக் கிளம்பும்போதே பார்த்துக்கோங்க. தனியாப் போற பெண்கள் நள்ளிரவு வரை இருக்கிறதா இருந்தா, திரும்புற வழியை முதல்லயே பேசி வெச்சுக்கோங்க. சாப்பாட்டையும் திருப்பலிக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. கையில தண்ணி பாட்டில் அவசியம், மார்ச் கடைசி, ஏப்ரல்னா ராத்திரியிலும் புழுக்கம்தான்.

மத்த சபைகள்ல, வீடுகள்ல

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள்ல வியாழன் மாலை திருவிருந்து ஆராதனை இருக்கும். இரவு முழுக்க விழிப்பு பொதுவா இல்லை. அவங்களுக்குக் கனமான நேரம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூணு மணி வரைக்கும். சிலுவையில இயேசு பேசின ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொண்ணா எடுத்துத் தியானிப்பாங்க.

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் வீட்டுல வியாழன் ராத்திரி சமையலறையே கோயில். பெசஹா அப்பம்னு ஒண்ணு அவிப்பாங்க. அரிசி மாவு, உளுந்து சேர்த்து, புளிக்க விடாம செய்யுறது. மேல குருத்தோலை ஞாயிறுக்கு மந்திரிச்ச ஓலையில ஒரு சின்னச் சிலுவை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பால் தொட்டுக்க. ஜெபம் சொல்லி, வீட்டுப் பெரியவர் வெட்டி, வயசு வரிசையில கொடுப்பார். அந்த வருஷம் சாவு நடந்த வீட்டுல அப்பம் செய்ய மாட்டாங்க. அக்கம்பக்கத்து வீடுகள்லேர்ந்து அவங்களுக்குப் போகும். மலையாளி நண்பர் கூப்பிட்டா தயங்காமப் போங்க. ஆனா இது வீட்டு ஆட்களுக்கான சாப்பாடு, நீங்களா கேட்டு வாங்கிக்காதீங்க.

வெள்ளிக்கிழமை காலையில சிலுவைப்பாதை, மதியம் மூணு மணிக்குத் திருச்சிலுவை ஆராதனை. அன்னைக்கு ஒருவேளைச் சாப்பாடு, அசைவம் கிடையாது. பல பங்குகள்ல வழிபாடு முடிஞ்சதும் வர்ற எல்லாருக்கும் கஞ்சி ஊத்துவாங்க. எந்த மதம்னு யாரும் கேட்க மாட்டாங்க. வீட்டுலேர்ந்து ஒரு டம்ளர் எடுத்துட்டுப் போங்க, கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருக்கும், பேப்பர் கப் தாங்காது.